எட்டுக் கால் முசுறு

சேத்தூரில் அக்கா வீட்டு மாந்தோப்பில், என் முகத்துக்கு நேராக ஒரு முசுறுக் கூடு தொங்கியது. இலைகளை இழுத்துச் சேர்த்து ஒட்டிய கூடு. மேலெல்லாம் சிவப்பு எறும்புகள். நான் கேமராவை அதன் பக்கத்தில் கொண்டு போனேன்.

உள்ளங்கைக்குள் அடங்கும் டிஜிட்டல் கேமரா அது. எல்லோரிடமும் செல்போன் வந்த பிறகு பீரோவில் சேலைகளுக்கு அடியில் கிடந்தது. பூப் படம் போட்ட பொத்தானை அழுத்தினால் ஒரு விரற்கடைத் தூரத்தில் இருப்பதும் துல்லியமாக விழும் என்பதை ஒரு மாதத்துக்கு முன்புதான் கண்டுபிடித்திருந்தேன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

"ஏட்டி, காய் பறிக்க வாடின்னா எறும்பைப் போட்டோ எடுத்துக்கிட்டு நிக்கியே" என்றாள் அக்கா.

கழுத்திலும் முழங்கையிலும் கடி வாங்கியபடி நாற்பது படங்கள் எடுத்தேன். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்ப பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல் கலங்கல். தெளிவான ஒன்றில், இலை ஓரத்தில் நின்ற எறும்பு மட்டும் என்னவோ போலிருந்தது. நான் வேலை பார்ப்பது ரத்தப் பரிசோதனை லேப்பில். நாள் முழுக்க எண்ணிப் பழகிய கண், கால்களை எண்ணியது. எட்டு. மறுபடி எண்ணினேன். எட்டேதான். மீசை என்று நினைத்தது தூக்கிப் பிடித்திருந்த முன்னங்கால்கள். முகத்தில் இரண்டு பெரிய கருப்புக் கண்கள்.

எறும்பு வேஷம் போட்ட சிலந்தி!

உடனே அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, உங்க மரத்துல எட்டுக் கால் எறும்பு இருக்கு!"

"பஸ்ல தூங்கிட்டியாட்டி?"

"இல்லக்கா. இந்தா திரும்பி வாரேன். கூட்டை யாரும் கலைச்சிறாதிய!"

பக்கத்தில் இருந்த அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ராஜபாளையத்தில் இறங்கி எதிர்ப்பக்க பஸ்ஸைப் பிடித்தேன். கேமராவின் பேட்டரியில் ஒரு கோடுதான் மிச்சம்.

தோப்புக்குள் ஓடியபோது வெயில் சாய்ந்திருந்தது. அக்கா ஏற்கெனவே கூட்டுக்கு முன்னால் குனிந்து நின்றாள். "எல்லாம் ஒண்ணு போலத்தானட்டி இருக்கு" என்றாள்.

"மத்ததெல்லாம் ஒண்ணையொண்ணு தொட்டுப் பேசும். இது ஒதுங்கி நிக்கும். அதைப் பாரு."

இருவரும் இலை இலையாகத் தேடினோம். அக்காவின் கையில் எறும்புகள் ஏறின. அவள் உதறவே இல்லை. திடீரென்று என் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

"அந்தா! அந்தப் பழுத்த இலைக்குக் கீழ!"

மூச்சை அடக்கிக்கொண்டு கேமராவை நீட்டினேன். முதல் படத்துக்கு அது சட்டென்று நூல் விட்டு இறங்கியது. அந்தரத்தில் ஆடிவிட்டு மெல்ல மேலே ஏறி, எங்கள் பக்கம் திரும்பி நின்றது. நான் பொத்தானை அழுத்தினேன். அடுத்த நொடி திரை அணைந்துபோனது.

"விழுந்துச்சா? சொல்லுட்டி, விழுந்துச்சா?"

பேட்டரியைக் கழற்றி, கைகளுக்கு இடையில் தேய்த்து மறுபடி போட்டேன். திரை ஒருமுறை விழித்தது. எட்டுக் கால்களும் தெளிவாக, இரண்டு கண்களும் பளபளவென்று, படம் முழுக்க அதுவே நின்றது.

அக்கா சத்தமாகக் கத்திவிட்டாள். "ஏட்டி, என்னையத்தான் பாக்குது!"