காப்போடு போகாதவர்

1971இல் சாராயக் கடைகள் திறந்த பிறகுதான் அண்ணன் குடிக்கத் தொடங்கினார் என்று உறவினர்கள் சொல்வார்கள். அது சரியில்லை. மதுவிலக்கு இருந்த நாளிலேயே நொய்யல் கரைப் புதர்களுக்குள் போய்வருவார். கடை திறந்ததும் ஒளிய வேண்டியதில்லாமல் போயிற்று, அவ்வளவே.

அவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கடுக்காக விரித்துப் பெரிய கத்தரியால் வெட்டும் வேலை. கை சற்று நடுங்கினாலும் அடுக்கு முழுவதற்கும் பனியன் கழுத்து கோணிப்போகும். காலையில் அவர் கை நிற்காது. 1972 தீபாவளி முடிந்ததும் அண்ணி மகளைக் கூட்டிக்கொண்டு உடுமலைப்பேட்டையில் இருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டார். சண்டை போடவில்லை. குடியை விட்டதும் சொல்லி அனுப்பினால் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறு வருடம் எங்கள் தெரு மாரியம்மன் நோன்பில் அண்ணன் தானாகவே போய் நின்று காப்புக்குக் கையை நீட்டினார். அது பங்குனியா சித்திரையா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம்; அண்ணியும் மகளும் பள்ளி விடுமுறையில் வந்ததால் சித்திரை என்று வைத்துக்கொள்கிறேன். மஞ்சள் கயிறு மணிக்கட்டில் ஏறிவிட்டால் கறி, சாராயம், வெளியூர்த் தங்கல் எதுவும் எங்கள் பக்கத்தில் கிடையாது. முதல் சில நாட்கள் கொடுமையாக இருந்தன. வியர்வையில் பாய் நனைந்தது. இல்லாத எறும்புகளைச் சுவரிலிருந்து தட்டிவிட்டார். மோர் டம்ளரைப் பிடிக்க முடியாததால் அம்மா வாயில் ஊற்றினார். பிறகு தணிந்தது. நோன்பின் பொங்கலன்று அவர் சூடம் ஏற்றியபோது கை அசையவில்லை. அதைப் பார்க்க அண்ணி வந்திருந்தார்.

நோன்பு முடியும் மஞ்சள் நீராட்டன்று, கோயில் முன் நட்டிருந்த கம்பத்தைப் பிடுங்கியதும் எல்லோரும் காப்பை அவிழ்க்கப் போனார்கள். அம்மா அண்ணனின் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டார்.

"இவனுக்கு மட்டும் இருக்கட்டுமுங்க சாமி."

பூசாரி தயங்கினார். "ஆத்தாள அனுப்பி வெச்சதுக்கப்பறம் காப்பு இருக்கக் கூடாதுங்கம்மா."

அம்மா விடவில்லை. அன்று மாலையே பழனி முருகனை வேண்டி, தைப்பூசம் வரைக்கும் என்று வீட்டில் வேறு காப்பு கட்டினார். எங்கள் கெஞ்சலுக்கும் வைத்தியத்துக்கும் அடங்காததைக் கயிறு அடக்கியதை நாங்கள் கண்ணால் பார்த்திருந்தோம். அண்ணியும் அதை நம்பித் தங்கினார். அண்ணன் வீட்டுக்குள் நுழைந்தால் எல்லோருடைய பார்வையும் முதலில் மணிக்கட்டுக்குப் போகும். கம்பெனியில் கேலி செய்தார்கள்: "ஏனுங் மாஸ்டரு, ஊரு நோம்பி முடிஞ்சும் உங்க நோம்பி முடியலீங்களா?" அவரும் சிரிப்பார்.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, முருகன் படத்துக்கு முன் குங்குமத் தட்டில் காப்பு கிடந்தது. அறுக்கப்படவில்லை, முடிச்சைப் பொறுமையாகப் பிரித்திருந்தார். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

திரும்பி வந்த அண்ணன் சுவரைப் பிடித்தபடி விளக்கம் சொன்னார். "காப்போட போனா சாமிக் குத்தமாயிருமுங்கம்மா. அதான் அவுத்து வெச்சுப்போட்டுப் போனனுங்க."

செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்த நிம்மதி அந்தக் குரலில் இருந்தது.

மறுநாள் அம்மா அவர் தலைக்குத் தண்ணீர் ஊற்றி மறுபடியும் கட்டினார். அதுவும் தட்டுக்கு வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. ஐப்பசியில் அண்ணி கிளம்பினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்த அண்ணனிடம், "கயிறில்லாம ஒரு மாசம் இருங்க. அப்பறம் தம்பிகிட்டச் சொல்லியுடுங்க, வாறன்" என்றார்.

மார்கழியில் முயன்றார், பாதியில் விழுந்தார். தையிலும் அப்படியே. மாசி முழுக்க வெறும் கையோடு, குடிக்காமல் தாண்டினார். 1974 பங்குனி முதல் ஞாயிறு நான் உடுமலைக்குப் போனேன். அண்ணி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் துணிகளை மடித்தார்.

திருப்பூரில் இறங்கியபோது அழைத்துப்போக வருவதாகச் சொன்ன அண்ணனைக் காணவில்லை. இரண்டு பஸ்கள் வந்து போயின. மகள் என் சட்டையைப் பிடித்து, "அப்பா வர்லீங்களா சித்தப்பா?" என்றாள். வெயிலுக்கு எங்காவது ஒதுங்கியிருப்பார், கம்பெனியில் கூப்பிட்டிருப்பார்கள் என்று நான் எதையோ சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி கிடையாது என்பது அண்ணிக்குத் தெரியும்.

"நீங்க போய் அவரைத் தேடுங்க தம்பி. உடுமல பஸ்ஸு நிக்குது, நாங்க போய்க்கறோம்."

பஸ் நகரும்வரை நின்றேன். அதிக தூரம் தேட வேண்டியிருக்கவில்லை. எதிர் வரிசையில் பூட்டிய கடையின் படியில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து, சலவை வேட்டி கட்டியிருந்தார். வாடை அடித்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுந்து வரச் சொல்லிக் கையைப் பிடித்தேன். அவர் பஸ் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எறங்குனதப் பாத்தண்டா," என்றார். "பாப்பா ஒசந்துட்டா."