ஏழாவது பாட்டு

விருப்ப ஓய்வுக்குப் பிறகு, இணையக் கலைக்களஞ்சியத்தில் பிறர் எழுதும் கட்டுரைகளைச் சரிபார்க்கிறேன். சம்பளம் இல்லை, அதிகாரம் உண்டு. நேற்று ஓர் இந்திப் படத்தின் பாடல் பட்டியலில் யாரோ ஏழாவதாக ஒரு பாட்டைச் சேர்த்திருந்தார். படத்தில் ஆறுதான். ஆதாரமும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டுக் கேசட்டிலும் ஏழாவதாக அதே பாட்டு இருந்தது.

தொண்ணூறுகளில், நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், வெற்றுக் கேசட் கொடுத்தால் பேகம்பூரில் கேசட் கடை வைத்திருந்த பாய் பாட்டுப் பதிந்து தருவார். கேசட் அத்தர் மணக்கும். கடைசியில் மிஞ்சும் டேப்பை அவர் வெறுமனே விடமாட்டார். "டீச்சரம்மா, கடைசிப் பாட்டு வேற படம். உங்களுக்குன்னே போட்டேன்" என்றார் அம்மாவிடம். இந்தி ஒரு வார்த்தை தெரியாத அம்மா, பள்ளியிலிருந்து வந்ததும் புடவைகூட மாற்றாமல் அதைத்தான் கேட்பாள்.

"அம்புட்டுப் பேர்ல எனக்கு மட்டும் போட்டிருக்காரு."

"ஆமா, பெரிய மகாராணி" என்பார் அப்பா.

விதிப்படி அந்த வரியை நீக்கிவிட்டு, சேர்த்தவரிடம் கேட்டேன்: "பேகம்பூர்க் கடையில் பதிந்ததா?"

காலையில் பதில் வந்தது. "ஆமா சார். பாய் எங்கம்மாவுக்குன்னே தனியா போட்டது. வேற யார்கிட்டயும் கிடையாதே, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அடுத்த அறையில் அம்மா விழித்திருந்தாள்.

"சும்மா ஓர் ஊகம்" என்று எழுதி அனுப்பினேன்.