சவர்க்காரம் செய்த வேலை

நான் கண்டி மலையில் ஹுன்னஸ்கிரியப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். மழையில் நாள் முழுக்க நனைவோம். அந்த ஈரம் அசுத்தம் என்று நினைத்து, வீட்டுக்கு வந்ததும் பெண்ணுறுப்பின் உள்ளேயும் சவர்க்காரம் போட்டுக் கழுவுவேன். போன வருஷம் வாடையோடு வெள்ளைப்பட்டது. என் வீட்டுக்காரருக்கு அக்குறணையில் ஒரு கடையில் வேலை, ஞாயிறுதான் வருவார். அவர்தான் யாரிடமோ போய் நோய் வாங்கி வந்தார் என்று நினைத்து, மூன்று வாரம் கிட்ட விடவில்லை.

"என்னடி, நான் என்ன செஞ்சேன்?" என்றார். நான் பாயைத் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

வாடை நிற்காததால் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய், அவர் மேல் இருந்த சந்தேகத்தையும் சொன்னேன். அங்கே ஒரு டொக்டரம்மா சோதித்துப் பார்த்தார். "உள்ளே நல்ல கிருமியும் இருக்கும்மா. சவர்க்காரம் போட்டு அதைக் கொன்னுட்டீங்க, கெட்டது கூடிப்போச்சு. அவர் மேல பழி போடாதீங்க" என்று குளிசை தந்தார்.

ஞாயிறு அவரிடம் எல்லாம் சொன்னேன். "சவர்க்காரம் செஞ்சதுக்கு எனக்கா தண்டனை?" என்றார்.

இப்போது வெளியே மட்டும், வெறும் தண்ணீரில் கழுவுகிறேன். ஏதும் என்றால், அவரைக் கோபிக்கும் முன் டொக்டரிடம் போகிறேன்.