நீலச் சட்டை

ஆறு மாதப் பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்த அன்று என் கையில் கொடுத்தது ஒரு நீலச் சட்டையும் ஒரு நோட்டுப் புத்தகமும்தான். கீரிப்பாறைக்கு மேலே, ரப்பர் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் எங்கள் முகாம். ஒக்கிப் புயலுக்கு ஐந்தாறு வருடம் முந்திய கதை இது. முட்டத்தில் கடலைப் பார்த்து வளர்ந்தவளுக்குக் காட்டில் என்ன வேலை என்று அம்மாவுக்குக் கடைசிவரை புரியவில்லை.

"கொரங்கு பின்னால நடக்கதுக்காட்டி எம்எஸ்சி படிச்ச?" என்று போனில் கேட்டாள்.

வேலை உண்மையில் அதுதான். ஒரு கருங்குரங்குக் கூட்டத்தை மனிதர்களுக்குப் பழக்க வேண்டும். ஆளைக் கண்டால் ஓடுகிற குரங்கு எதைத் தின்கிறது, குட்டியை எப்படி வளர்க்கிறது என்று யாராலும் எழுத முடியாது. அதனால் தினமும் அதே நீலச் சட்டையில் போக வேண்டும். நாக்கால் 'டொக் டொக்' என்று ஒலி எழுப்பி நான்தான் வருகிறேன் என்று அறிவிக்க வேண்டும். கண்ணுக்குக் கண் பார்க்கக் கூடாது, தின்ன எதுவும் கொடுக்கக் கூடாது. எவ்வளவு அருகே போனபோது அவை விலகின என்பதை மட்டும் நோட்டில் எழுத வேண்டும். முதல் நாள் எழுதியது அறுபது மீட்டர்.

என்னோடு வந்தவர் காணிப் பழங்குடியைச் சேர்ந்த ஓர் அண்ணன். அந்த மலையிலேயே பிறந்தவர், என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர், வாயைத் திறந்தால் கேலி. நான் காலுறைக்குள் புகுந்த அட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு மணிக்கணக்கில் மரத்தடியில் இருப்பதைப் பார்த்து, "கல்யாண ஆலோசன போல இருக்கு. நீ பாக்கப் போற, மாப்ள ஓடுதான்" என்பார். ஈரச் சட்டையை அடுப்புக்கு மேலே கொடி கட்டி உலர்த்துவோம். காலையில் போட்டால் புகை நாறும். துவைக்காதே, அந்த வாசனையும் பழகட்டும் என்று உத்தரவு.

தூரம் குறைந்தது. நாற்பது, இருபத்தைந்து, பன்னிரண்டு. ஒவ்வொரு எண்ணையும் பரீட்சை மார்க்கு மாதிரி அம்மாவிடம் சொன்னேன். நான்காவது மாதம், இடது காது கிழிந்த ஒரு பெண் குரங்கு செம்பழுப்புக் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, என்னிடமிருந்து ஐந்து மீட்டரில் உட்கார்ந்து தளிர் தின்றது. என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் உணர்ந்ததில்லை.

அன்று திரும்பும்போது அண்ணன் கேலி செய்யவில்லை. "எல்லா ஆளுக்கும் பழகிராதா மக்கா?" என்று கேட்டார்.

"நீலச் சட்டைக்குத்தான் பழகும் அண்ணா" என்றேன். புத்தகம் படித்தவள் அல்லவா, யோசிக்காமல் சொன்னேன்.

அதற்கப்புறம் ஒரு பெருமழை. பாதையில் மரம் விழுந்து இரண்டு நாள் போக முடியவில்லை. மூன்றாம் நாள், கூட்டத்தின் பெரிய ஆண் குரங்கு தினமும் காலையில் போடும் கூப்பாடு கேட்கவில்லை. வழக்கமான மரத்தடியில் இரத்தம் காய்ந்திருந்தது. கொத்துக் கொத்தாகக் கருமுடி, பாறைமேல் குடல், நாலைந்து பீடித்துண்டு. அண்ணன் அண்ணாந்து கிளைகளைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார்.

"மூணு உருப்படி. தோக்குக்காரன் இந்தா, இவ்வளவு கிட்ட நின்னு சுட்டிருக்கான். ஒண்ணு விழுந்த பொறவும் மத்தது ஓடல்ல, கேட்டியா."

பிறகு என்னைப் பார்க்காமல், "நம்மளாக்கும் பழக்கினது" என்றார். நம்மள் என்று சொன்னது அவருடைய பெருந்தன்மை.

சின்ன வயதில் எனக்கு மூச்சிழுப்பு உண்டு. மழைக்காலம் வந்தால் அப்பா எங்கிருந்தோ ஒரு குப்பி கருங்குரங்கு லேகியம் வாங்கி வருவார். கறுப்பாக, கசப்பும் இனிப்புமாக இருக்கும். விரலால் வழித்து நக்கியிருக்கிறேன். குரங்கு அந்தப் பெயரிலேயே இருந்தது. ஒருநாளும் நான் யோசித்ததில்லை. அந்தப் பாறை முன்னால் நின்றபோது வாயில் அந்த ருசி வந்தது. துப்பித் துப்பிப் பார்த்தேன், போகவில்லை. சுட்டவர்கள் யாரென்று கடைசிவரை தெரியவில்லை.

எங்கள் ஆய்வுக்குப் பொறுப்பான பேராசிரியை மறுநாளே வந்தார். பாறையைப் பார்த்துவிட்டு, கூட்டத்தை எண்ணச் சொன்னார். மிச்சம் ஏழு குரங்குகள் இருந்தன. "ஆய்வு போகட்டும். பழக்கினதைக் கெடுத்தாகணும். நீதான் போகணும், அதே சட்டையில" என்றார். அவர் சொன்னது சரி. சரி என்பதால்தான் எனக்கு அழுகை வந்தது.

திட்டம் எளிது. அண்ணன் ஒரு பக்கம் ஓலைவெடி போடுவார். நான் மறுபக்கம் கல்லோடு நிற்பேன். முதல் வெடிக்கே கூட்டம் அலறிச் சிதறியது. காது கிழிந்தவள் மட்டும் குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு என்னை நோக்கி வந்தாள். ஒவ்வொரு கிளையாக இறங்கி, என் தலைக்கு மேலிருந்த கவட்டையில் உட்கார்ந்து, வெடி கேட்ட திசையையே பார்த்தாள். நீலச் சட்டைப் பக்கம் வந்துவிட்டால் ஆபத்தில்லை என்று நினைத்திருக்கிறாள். என் கையில் கல் இருந்தது.

"எறி பிள்ளே!" என்று அண்ணன் தூரத்திலிருந்து கத்தினார்.

முதல் கல்லை வேண்டுமென்றே தவறவிட்டேன். அவள் அசையவில்லை. இரண்டாவது கல் முதுகில் பட்டது. அவள் கத்தவில்லை; குனிந்து என்னைப் பார்த்தாள். கண்ணைப் பார்க்கக் கூடாது என்ற விதியை அன்று நான் மீறினேன். மூன்றாவது கல்லுக்குத்தான் ஓடினாள். நோட்டில் ஆறு மீட்டர் என்று எழுதினேன்.

பயிற்சி முடியும்வரை தினமும் எறிந்தேன். எண்கள் பழையபடி ஏறின. பதினைந்து, முப்பது, நாற்பத்தைந்து. கடைசி நாள் கல் எடுக்காமல், தூரத்திலிருந்து ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று தனியாகப் போனேன். பழக்க தோஷத்தில் நாக்கு 'டொக் டொக்' என்றது. அந்தச் சத்தத்துக்கே மரங்கள் குலுங்கின. காது கிழிந்தவள்தான் முதலில் ஓடினாள். அறுபது மீட்டருக்கு மேலிருக்கும், சரியாக அளக்க முடியவில்லை.

ஓடு, இன்னும் ஓடு என்று சொல்லிக்கொண்டு அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்து அழுதேன்.