சண்டையே இல்லாத படம்

எழுபதுகளின் கடைசியில் டெல்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். நானும் கணவரும் ஆளுக்கொரு அமைச்சகத்தில் வேலை. எனக்கு டைப்பிங் செக்‌ஷன். காலையில் பால் பூத் வரிசையில் ஒரு சண்டை, பஸ்ஸில் ஏற ஒரு சண்டை, ஆபீஸில் பிழை யாருடையது என்று ஒரு சண்டை. சனிக்கிழமை வருவதற்குள் என் குரல் எனக்கே பிடிக்காமல் போய்விடும்.

தமிழ்ப் படம் ஞாயிறு காலை ஒரே ஒரு காட்சிதான். மெட்ராஸிலிருந்து வாரப் பத்திரிகை தபாலில் வந்ததும் கணவர் சினிமா விமர்சனத்தைத்தான் முதலில் பிரிப்பார். அதில் திட்டியிருந்தால் அந்தப் படத்துக்கு நாங்கள் போக மாட்டோம்.

அந்த வாரம் ஒரு குடும்பப் படத்தைக் கிழித்திருந்தார்கள். மாமியார் நல்லவள், மருமகள் நல்லவள், வீட்டுச் சொந்தக்காரர்கூட நல்லவர், இதில் கதை எங்கே என்று கேட்டிருந்தார் விமர்சகர். கணவர் சிரித்துச் சிரித்து வாசித்தார்.

ஞாயிறு காலை கீழ் வீட்டுப் பெண் கதவைத் தட்டினாள். டெல்லியிலேயே பிறந்தவள், பேச்சில் பாதி இந்தி கலக்கும்.

“அக்கா, எங்க வீட்டுக்காரருக்கு டியூட்டி. ஒரு டிக்கெட் பேக்கார் ஆயிடும். ஜல்தி வாங்க.”

சமையலைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

படத்தில் உண்மையாகவே ஒன்றும் நடக்கவில்லை. ஒரு காட்சியில் மருமகள் வேலை முடிந்து வருகிறாள். மாமியார் ஃபேனைப் போட்டு, “கொஞ்ச நேரம் உக்காரும்மா” என்கிறாள். அவள் உட்காருகிறாள். பின்வரிசையில் யாரோ சத்தமாகக் கொட்டாவி விட்டார்கள். நான் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அன்று மாலை கணவரின் ஆபீஸ் நண்பர் வந்திருந்தார். அவருக்கும் விமர்சனம் வாசிக்கப்பட்டது.

“இந்தக் கண்றாவியைத்தான் இவ போய்ப் பாத்துட்டு வந்திருக்கா.”

“எனக்குப் பிடிச்சிருந்தது” என்றேன்.

“பிடிக்கறதுக்கு அதுல என்ன இருக்கு?”

“ரெண்டரை மணி நேரம் யாரும் யாரையும் பாத்துக் கத்தலை. எனக்கு அது போதும்.”

“அதைப் பாக்க சினிமா எதுக்கு சிஸ்டர்?” என்றார் நண்பர்.

வேறு எங்கே போய்ப் பார்ப்பது என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டால் அதுவும் ஒரு சண்டையாகும். தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அதற்கப்புறம் விமர்சனம் எனக்கு வேறு விதத்தில் உபயோகப்பட்டது. விறுவிறுப்பே இல்லை என்று எழுதியிருந்தால் கீழ் வீட்டுக்குச் சொல்லி அனுப்புவேன். ஏறக்குறைய எல்லாமே எனக்குப் பிடித்தன. இரண்டு மோசம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு, “நானும் வர்றேன்” என்றார் கணவர். ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்த மாதம் அவருக்குப் புது மேலதிகாரி. தினமும் முகம் கறுத்துத்தான் வீடு திரும்பினார். இடைவேளைக்கு முன்பே தூங்கிவிட்டார். நான் எழுப்பவில்லை. படம் முடிந்து விளக்குப் போட்டதும் விழித்து, “நல்லா இருந்துச்சா?” என்றார்.

“நல்லா இருந்துச்சு.”

“ம்” என்று மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.