என் சாவியை மறுத்த என் கார்

மலேசியாவில் லாபு ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் நின்ற காலத்தில், அந்தத் தோட்டத்து ரப்பர் ஆலையின் பெரிய எஞ்சினைப் பதினான்கு வருடம் ஓட்டியவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்ற சிரம்பான் டவுனிலிருந்து ஆள் வர ஒரு வாரமாகும் என்று தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி சொன்னபோது, நான் சுற்றுகிறேன் என்றேன். சிரித்தார். இரண்டே நாளில் சுற்றி ஓடவிட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. பால்மரத்தை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டு, நாங்கள் குடியிருந்த லயத்தையும் இடித்தபோது, பாதிப் பேர் எங்கே போவதென்று அழுதுகொண்டு நின்றார்கள். நான் தோட்டத்து எல்லையில் ஒரு துண்டு நிலம் பிடித்து, சிமெந்தை நானே குழைத்து, இன்று இருக்கிற இந்த வீட்டைக் கட்டினேன். பழைய இரும்புக் கடையில் கிடந்த லோரிக்கு உயிர் கொடுத்துச் செம்பனைக் குலை ஏற்றினேன். முனியாண்டி கோயில் மண்டபத்துக் கூரையின் இரும்பு முழுவதும் என் கையால் பற்றவைத்தது. மூன்று பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரைக்கும் அனுப்பினேன். தமிழ்ப் பத்திரிகையை எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் இதை எழுதுகிற அளவுக்கு வந்தேன். அதற்கும் வாத்தியார் கிடையாது.

இவ்வளவும் செய்தவனைப் பார்த்து, நான் தினமும் துடைக்கிற என் சொந்தக் கார், நீ யார் என்று கேட்டது.

விஷயத்தைச் சொல்வதற்கு முன் என் மனைவியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய் நான்கு வருடமாகிறது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் சிரம்பானில் டயாலிசிஸ். காலை ஏழு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்துவிட வேண்டும். நேரத்துக்குப் போனால் முழுதாக நான்கு மணி நேரம் இயந்திரம் ஓடும். தாமதமானால் அடுத்த ஆளுக்கு இடம் விடவேண்டுமே, அதனால் குறைத்துவிடுவார்கள். குறைந்தால் அன்றைக்கு ராத்திரியே கால் வீங்கும், மூச்சு வாங்கும். இந்த நான்கு வருடத்தில் என் கார் ஒரு நாளும் தாமதமானதில்லை. அங்கே உள்ள தாதி ஒருத்தி, "அங்கிள் வந்தா மணி ஆறு அம்பதுலா, கடிகாரமே பாக்கவேணாம்" என்று சொல்லுவாள். எனக்கு அது பட்டம் மாதிரி.

என் மூத்த மகன் ஷா ஆலாமில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறான். போன தீபாவளிக்கு வந்தவன் பலகாரத்தைத் தின்றுகொண்டே சொன்னான். "அப்பா, ஒங்களுக்கும் வயசாச்சு, அந்த வண்டிக்கும் வயசாச்சு. என்னைக்கு அது அம்மாவ ரோட்டுல விடுதோ, அன்னைக்கு வண்டிய வித்துட்டு ரெண்டு பேரும் எங்கூட வந்துடணும்."

"விடாதுடா."

"விட்டா?"

"விட்டா வாரேன்" என்றேன். என் வேலையின் மேல் எனக்கிருந்த நம்பிக்கையில் சொன்ன சொல். அதற்கப்புறம் ஒவ்வொரு செவ்வாயும் வியாழனும் சனியும் எனக்குப் பரீட்சைதான்.

இந்த வருடம் ஆயுத பூஜை ஒரு திங்கட்கிழமை வந்தது. காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டுக் கோயிலுக்குக் கொண்டுபோனேன். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சை. பூசாரி வருடா வருடம் வண்டிக்காரர்களுக்கு ஒரு செம்புக் காப்பு கொடுப்பார். சாமி காலடியில் வைத்து எடுத்தது. வளையல் மாதிரி இருக்கும், ஆனால் வாய் மூடியிருக்காது. எல்லாரும் அதைக் கண்ணாடியில் தொங்கவிடுவார்கள். நான் எல்லாரும் மாதிரி செய்கிறவன் இல்லை. என் காரில் சாவித் துவாரத்தைச் சுற்றி இருந்த கறுப்புப் பிளாஸ்டிக் வளையம் வெடித்து ஆடிக்கொண்டிருந்தது. காப்பைத் தட்டி அந்த அளவுக்குச் சுருக்கி, அங்கே மாட்டினால் பிளாஸ்டிக்கும் நிற்கும், சாமியும் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அளவெடுத்து, இரண்டு முனையையும் ஈயம் வைத்துப் பற்றவைத்து, ராவி, மாட்டினேன். மூட்டு எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் சந்தனம் தடவி, குங்குமம் வைத்தேன். மனைவி பார்த்துவிட்டு, "நகைக் கடையில பாக்கிற மாதிரி இருக்கு" என்றாள். அவள் லேசில் பாராட்டுகிறவள் இல்லை.

மறுநாள் செவ்வாய். ஐந்தே முக்காலுக்கு அவள் பையோடு முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். சாவியைத் திருகினேன். எஞ்சின் ஒரு உறுமல் உறுமி நின்றது. மறுபடி திருகினேன். ஒரு உறுமல், நின்றது. மீட்டருக்குப் பக்கத்தில் சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு படபடவென்று மின்னியது.

"என்னங்க, கெளம்பலையா?"

"கெளம்புது இரு."

"எங்க கெளம்புது? ஒங்க வாய்தான் கெளம்புது."

ஓடிப்போய் அலமாரியிலிருந்து இரண்டாவது சாவியைக் கொண்டுவந்தேன். அதுவும் அப்படியே. சாவியை வேட்டியில் துடைத்தேன். சாவிக்கொத்திலிருந்து வீட்டுச் சாவி, பூட்டுச் சாவி எல்லாவற்றையும் கழற்றி, கார் சாவியை மட்டும் போட்டேன். பேட்டரி வயரைக் கழற்றிப் பத்து நிமிடம் விட்டு மாட்டினேன். விளக்கு மின்னியபடியே இருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு ஸ்டீயரிங்கை இரண்டு அடி அடித்தேன். ஹார்ன் அடித்ததுதான் மிச்சம். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

கைப்பேசியில் வாடகைக் காரைக் கூப்பிட்டோம். தோட்டத்துக்குள் வர அவனுக்கு வழி தெரியாமல், செம்பனைக்குள் சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்தபோது மணி ஏழு. அன்றைக்கு அவளுக்கு இரண்டரை மணி நேரம்தான் கிடைத்தது. ராத்திரி கால் வீங்கிவிட்டது. நான் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

யார் சொன்னார்களோ, மறுநாள் மகன் கூப்பிட்டான். "அப்பா, சொன்னது ஞாபகம் இருக்கா?"

"சின்னக் கோளாறுடா. நாளைக்கே சரியாயிடும்."

"எனக்குத் தெரிஞ்ச வயர்மேன் ஒருத்தர அனுப்பறேன். அவர் பாத்துச் சொல்லட்டும். சரியாகலன்னா சனிக்கிழம வரேன். துணிமணிய எடுத்து வைங்க."

வயர்மேன் என்றால் காரின் மின்சார வேலை பார்க்கிறவர். லாபு கடைத்தெருவில் பட்டறை. நாற்பது வயதிருக்கும், அமைதியான ஆள். அன்று மத்தியானமே மடிக்கணினியோடு வந்து, வயரைச் சொருகிப் பார்த்தார்.

"அங்கிள், இது இம்மொபிலைசர். திருட்டுக்குத் தடுப்பா கம்பெனியே வைக்கிறது. சாவிக்குள்ள ஒரு சில்லு இருக்கு. அந்தச் சில்ல வண்டி அடையாளம் கண்டாத்தான் எஞ்சின ஓட விடும். ஒங்க சாவிய அதுக்குத் தெரியல."

"சாவி கெட்டுப்போச்சா?"

"ஒரு சாவி தெரியலன்னா சாவி கெட்டுச்சுன்னு சொல்லலாம். ரெண்டும் தெரியலன்னா சில்லப் படிக்கற பெட்டிதான் போயிருக்கணும்."

"எப்படிப் போகும்? முந்தாநாள் கோயிலுக்குப் போய்ட்டு வந்த வண்டிலா."

"எலக்ட்ரானிக் சொல்லிட்டா போகும், அங்கிள்?" என்றவர் குனிந்து சாவித் துவாரத்தைப் பார்த்தார். "காப்பு அழகா இருக்கே. யார் போட்டா?"

"நான்தான். பத்தவச்ச எடம் தெரியுதா பாரு."

"தெரியலயே அங்கிள்!"

"தெரியாது."

காப்பைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டியவர், பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "வேணாம். சாமி பொருள். காலைல கறி சாப்பிட்டுட்டேன்."

புதுப் பெட்டியை வெள்ளிக்கிழமை கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். வியாழக்கிழமை மறுபடி வாடகைக் கார். இந்த முறை நேரத்தோடு கூப்பிட்டும், ஒருவன் வருகிறேன் என்று சொல்லி வராமல் விட்டான். மூன்று மணி நேரம் கிடைத்தது. திரும்பி வந்ததும் அவள் வீட்டு வாசலில் இறங்கி, நின்றுகொண்டிருந்த என் காரைப் பார்த்துச் சொன்னாள்: "அங்கயே போயிடலாங்க. சண்ட போடாதீங்க."

அவள் அப்படிச் சொன்னதுதான் என்னை உலுக்கிவிட்டது. நான் கட்டிய வீட்டை விட்டு, மகன் வீட்டுப் பதினோராவது மாடியில் இன்னொருவர் எப்போது கிளம்புவார் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? அவளை நான் கூட்டிப் போகாமல் வேறு யார் கூட்டிப் போவது?

வெள்ளிக்கிழமை வயர்மேன் புதுப் பெட்டியை மாட்டினார். சாவியைப் புதுப் பெட்டிக்கு அறிமுகம் செய்ய வேண்டுமாம். "சாவியப் போடுங்க அங்கிள்." போட்டேன். கணினியைத் தட்டினார். "எடுத்துட்டுத் திரும்பப் போடுங்க." போட்டேன். அடுத்த சாவி. போட்டேன். ஒரு மணி நேரம் இதே கூத்து. கடைசியில் அவர் கணினியை மூடிவிட்டுத் தலையைச் சொறிந்தார். "புதுப் பெட்டிக்கும் சாவி தெரியல. இப்படி நான் பாத்ததே இல்ல."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "சாவி நல்லாருக்கு, பெட்டி புதுசுங்கற. பின்ன அது எப்படித்தான் சாவியப் பாக்குது? அதுக்கென்ன கண்ணா இருக்கு?"

"கண்ணு மாதிரிதான் அங்கிள். சாவி போடற ஓட்டையச் சுத்தி உள்ள ஒரு காயில் இருக்கு. மெல்லிசுக் கம்பி சுத்தினது. அதுல கரண்டு ஓடினாத்தான் சாவியில இருக்கற சில்லு முழிச்சு, தன் நம்பரச் சொல்லும்."

காயில் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு ஆலையின் மோட்டார் நினைவுக்கு வந்துவிட்டது. நான் சுற்றின முதல் மோட்டார் எதனால் எரிந்தது தெரியுமா? நூற்றுக்கணக்கான சுற்றில் ஒரே ஒரு சுற்று உறை கிழிந்து, தன்னோடு தானே ஒட்டி மூடிக்கொண்டது. மூடின சுற்று ஒன்று இருந்தால் போதும், மொத்தக் காயிலின் சக்தியையும் அது தின்றுவிடும். பக்கத்தில் வைத்த மூடின செம்பு வளையமும் அதே வேலையைத்தான் செய்யும்.

ஓட்டையைச் சுற்றிக் காயில். காயிலைச் சுற்றி என் காப்பு. வாய் திறந்திருந்ததை மூடி, மூட்டே தெரியாமல் பற்றவைத்தவன் நான்.

குனிந்து காப்பை விரலால் ஒரு சுற்றுத் தடவினேன். பிறகு வெட்டுக் குறடைக் கேட்டேன்.

"எதுக்கு அங்கிள்?"

"காப்ப வெட்டணும்."

"ஐயோ, சாமி காப்பு! நான் மாட்டேன் அங்கிள்."

"ஒன்ன யாரு வெட்டச் சொன்னா? குறடக் குடு."

வாசலில் உட்கார்ந்திருந்த மனைவி எழுந்தாள். "சாமி காலடில வச்சதையா வெட்டப் போறீங்க?"

"இதுதான் வண்டியோட கண்ண மறைக்குது."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வீங்கின தன் காலைப் பார்த்தாள். "வெட்டுங்க. முனியாண்டிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

பற்றவைத்த இடத்திலேயே குறடால் வெட்டினேன். ஈயத்தை எடுத்து, இரண்டு முனைக்கும் நடுவில் ஐந்து சென் காசு நுழைகிற அளவுக்கு வாயைத் திறந்துவிட்டேன். காப்பைக் கழற்றவில்லை. வயர்மேனைப் பழைய பெட்டியையே திரும்ப மாட்டச் சொன்னேன். சாவியைப் போட்டேன். சிவப்பு விளக்கு ஒரு தடவை எரிந்து அணைந்தது. எஞ்சின் பிடித்துக்கொண்டது. இரண்டாவது சாவி, அதற்கும் பிடித்தது.

"அங்கிள்!" என்றார் வயர்மேன்.

எங்கே இடித்தது என்றால், போகும்போது அவர் காரின் சர்வீஸ் புத்தகத்தை வாங்கி, இம்மொபிலைசர் பழுது, சரிசெய்யப்பட்டது என்று எழுதி, தன் பட்டறையின் முத்திரையைக் குத்திவிட்டார். அதைப் படமெடுத்து என் மகனுக்கும் அனுப்பிவிட்டார்.

சனிக்கிழமை ஆறு ஐம்பதுக்கு நான் சிரம்பானில் இருந்தேன். முழு நான்கு மணி நேரம். திரும்பி வந்தால், மகன் காலிக் காரோடு வாசலில் நிற்கிறான்.

"வண்டி ஓடுதேடா."

"வயர்மேன் சரி பண்ணாரு, ஓடுது. அவர் இல்லன்னா? அடுத்த தடவ என்ன பண்ணுவீங்க?"

"நான்தான்டா கண்டுபிடிச்சேன்."

"அப்பா, புக்குல எழுதியிருக்கு." கைப்பேசியில் அந்தப் படத்தைக் காட்டினான். நான் சொன்னதை அவன் அம்மா சத்தியம் பண்ணிச் சொன்னாள். அதற்கு அவன், "அப்பாவுக்கு நீங்க எப்பவும் சப்போர்ட்டுதான்மா" என்றான். ஒரு மாதம் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு, காலிக் காரோடு திரும்பிப் போனான்.

ஒரு மாதம் யாருக்கு வேண்டும்? என் ஆயுள் முழுக்கச் செய்த வேலைக்கெல்லாம் மற்றவன் முத்திரை குத்தியிருக்கிறான். அந்த மோட்டாரைக்கூட ஆலைக் கணக்கில் சிரம்பான்காரன் சுற்றியதாகத்தான் எழுதினார்கள். அப்போது வயிற்றுக்காகப் பேசாமல் இருந்தேன். இப்போது இருக்க மாட்டேன். சர்வீஸ் புத்தகம் காரின் முன்பெட்டியில் இருக்கிறது. திங்கட்கிழமை அதை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போகிறேன். வயர்மேன் அந்த வரியை அடித்துவிட்டு, அவர் கையாலேயே உண்மையை எழுதவேண்டும்: காப்பை மூடிக் கோளாறை உண்டாக்கியவரும் வண்டிக்காரர், கோளாறைக் கண்டுபிடித்துக் காப்பைத் திறந்தவரும் வண்டிக்காரர். என் தப்பை மறைக்கச் சொல்லவில்லை. அதையும் சேர்த்தே எழுதட்டும். அதன்மேல் அவர் முத்திரை வேண்டும், படமெடுத்து என் மகனுக்கும் அனுப்ப வேண்டும். செவ்வாய்க்கிழமை ஐந்தே முக்காலுக்கு நான் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்புவதற்குள் அது நடந்தாக வேண்டும்.