இருபதாவது நிமிடத்து மணி

எங்கள் இறையியல் கல்லூரி நூலகத்தில் புத்தகம் அடுக்குகிற அக்காவுக்கு வியாழக்கிழமைகளில் இன்னொரு வேலையும் உண்டு. சிற்றாலயத்தில் யார் பிரசங்கம் செய்தாலும் இருபதாவது நிமிடத்தில் மேசைமணியைத் தட்டுவார். பேசியவர் உடனே நிறுத்திவிட்டு முன்பெஞ்சில் உட்கார வேண்டும். அடுத்த பத்து நிமிடம் அந்தப் பிரசங்கத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்போம். மாணவர், ஆசிரியர், விருந்தாளி எல்லோருக்கும் இதே கதிதான். ஒருமுறை சொந்த அத்தான் பேச வந்தபோதும் தட்டிவிட்டார். கோபத்தில் அத்தான் ஒரு வருடம் வீட்டுப்பக்கமே வரவில்லை. "நிம்மதியா இருந்துச்சு" என்றார் அக்கா.

இந்த வருடம் ஒரு பெரிய சபை எங்களோடு கைகோக்க வந்தது. புதுக் கட்டடம் தருவார்கள். பதிலுக்கு நூலக ஊழியர்கள் அவர்கள் நிர்வாகத்துக்குப் போக வேண்டும். பாடத்தில் தலையிட மாட்டோம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. அதை நம்பலாமா என்று ஆசிரியர்கள் ஆறு பேரும் தேநீர் அறையில் வாய்கிழியப் பேசினோம். முதல்வர் எதிரே வந்தால் மழையைப் பற்றிப் பேசினோம். கிரேக்கம் கற்பிக்கும் நானும் அந்த வீரர்களில் ஒருவன்.

கையெழுத்துக்கு முந்தைய வியாழன், அந்தச் சபையின் தலைமைப் போதகரே பிரசங்கிக்க வந்தார். ஆயிரக்கணக்கானவர்களை இரண்டு மணி நேரம் கட்டிப்போடுகிறவர். முதல்வர் அக்காவிடம் குனிந்தார்.

"இன்னிக்கு மட்டும் விட்டுடுங்கம்மா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"அப்போ மணியை வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க ஐயா. என் கையில இருந்தா அடிச்சிடுவேன்."

முதல்வர் எங்களைப் பார்த்தார். நாங்கள் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தோம்.

போதகர் அருமையாகப் பேசினார். அக்கா கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். வேலை போனால் வளாகத்து வீடும் போய்விடும், படுத்த படுக்கையாய் இருக்கும் கணவரை எங்கே கொண்டுபோவார்?

தட்டிவிட்டார்.

"இன்னும் ரெண்டு குறிப்பு இருக்கும்மா" என்று சிரித்தார் போதகர்.

"எழுதிக் குடுங்க ஐயா, போர்டுல ஒட்டிடறேன். இங்க எல்லாருக்கும் இருபது நிமிஷம்தான்."

சிரிப்பு மறைந்தது. வேதாகமத்தை மூடிவிட்டு, இறங்கிவந்து முன்பெஞ்சில் உட்கார்ந்தார். இப்போது நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது.

"பத்து நிமிஷம்" என்றார் அக்கா. யாரும் எழவில்லை. தாம் எடுத்த வசனத்துக்கு முந்தைய வசனத்தைப் போதகர் வாசிக்காமல் விட்டிருந்தார். வாசித்திருந்தால் பிரசங்கத்துக்கு அடிப்படையே இருந்திருக்காது. ஆறு பேருக்கும் அது தெரியும்.

"இன்னும் ஏழு நிமிஷம்" என்று அக்கா என்னைப் பார்த்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்தேன்.

"ஐயா, முந்தின வசனத்தை ஏன் விட்டுட்டீங்க?"

அவர் வேதாகமத்தைத் திறந்து அதைப் படித்தார். "எனக்கு வசதியா இல்ல, அதான்" என்றார்.

அடுத்த வாரம் ஒப்பந்தம் வந்தது. ஓரத்தில் போதகர் தம் கையாலேயே ஒரு வரி சேர்த்திருந்தார்: நூலக ஊழியர்கள் கல்லூரியிடமே இருப்பார்கள், மணியும்.

அக்கா அதை இரண்டு முறை படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இருபது நிமிஷம்னு போடலையே" என்றார்.